மேஜை மேல கோட்டை: பெயிண்டிங்கா, மரமா, நை செஞ்சதா?

கேள்வி, மார்ச் 3, 2024, மதியம்

க்ராய்டன் பக்கம் ஒரு வீடு காலி பண்றாங்க, அங்க சின்ன வட்ட மேஜை ஒண்ணு பார்த்தேன். ஒத்தைக் கால், கீழ மூணா பிரியுது. மேல நடுவுல ஒரு கோட்டை படம், சுத்தி ரோஜாப்பூ பார்டர். பெயிண்ட் பண்ணி வார்னிஷ் அடிச்சிருக்காங்கன்னு நினைக்கிறேன். விக்கிறவர் விடமாட்டேங்கிறார், இது 1851 லண்டன் எக்ஸிபிஷன்ல வச்ச மேஜை, 1,10,800 மரத்துண்டு, எட்மண்ட் நைன்னு அந்தக் காலத்து மரவேலைக் கடைக்காரர் செஞ்சது, அடியில பேர் இருக்குங்கிறார். 2,000 பவுண்ட் சொல்றார். போட்டோ போட்டிருக்கேன். கதை விடுறாரா?

மார்ச் 3, மதியம் 3.10

பாதி கதை, பாதி நிஜம். பெயிண்டிங் இல்ல தம்பி, மரம்தான். ஒரு சொட்டு சாயம் கிடையாது. குட்டிக் குட்டி மரத்துண்டுலயே படம் வர்ற வேலை, டன்பிரிட்ஜ் வேர்னு சொல்லுவாங்க (வேர்னா இங்கிலீஷ்ல சாமான், மரத்து வேர் இல்ல), கென்ட்ல டன்பிரிட்ஜ் வெல்ஸ் ஊர்ச் சரக்கு. ஆனா எக்ஸிபிஷன் மேஜை இது இல்ல. நை 1851-ல வச்ச அந்த 1,10,800 துண்டு மேஜையில இருந்தது கடல்ல போற கப்பல். உங்க போட்டோல கோட்டை. கப்பல் எப்படி கோட்டையாச்சுன்னு அவர்கிட்ட கேளுங்க.

அடியில "நை"ன்னு லேபிள் தெரியுது, அதனால நை கடைச் சரக்குதான், அதுல சந்தேகம் இல்ல.

ஈரத்துணி வச்சுத் துடைச்சுப் பார்க்கிற ஐடியா இருந்தா விட்டுடுங்க. ஏன்னு அப்புறம் சொல்றேன், சோறு ஆறுது.

மார்ச் 3, ராத்திரி 11.25

பெயிண்டா மரமான்னு நீங்களே பார்த்துக்கலாம். நகைக்கடைக்காரங்க கண்ணுல வைக்கிற லென்ஸ் ஒண்ணு, இல்லன்னா போன் கேமராவை நல்லா ஜூம் பண்ணி, வெளிச்சத்தைப் பக்கவாட்டுல இருந்து அடிங்க. கோட்டைச் சுவரு ஒவ்வொண்ணும் குட்டிக் குட்டி கட்டமா தெரியும், அந்தக் கட்டத்துக்குள்ள ஊசி குத்தின மாதிரி துளை இருக்கும், அது மரத்தோட வெட்டுமுகம், அதாவது ஒரு கிளையைக் குறுக்க அறுத்தா தெரியுமே அந்தப் பக்கம். பிரஷ்ல அதை வரைய முடியாது. பிரிண்ட் ஒட்டி ஏமாத்தினதுன்னா எல்லாக் கட்டமும் ஒரே சைஸா இருக்கும், இதுல இருக்காது.

என்கிட்ட ஒண்ணு இருக்கு, இப்பதான் அட்டையில 1 சென்டிமீட்டர் சதுரமா ஓட்டை வெட்டி அது மேல வச்சு எண்ணினேன். 9க்கு 9, 81 கட்டம். கொஞ்சம் தள்ளி வச்சா 9க்கு 8. வீட்டம்மா எட்டிப் பார்த்துட்டு ஞாயித்துக்கிழமை ராத்திரி என்ன பண்றீங்கன்னு கேட்டா, பதில் சொல்லத் தெரியல.

மார்ச் 4, காலை, ட்ரெயின்ல இருந்து

ஈரத்துணி விஷயம். எங்கப்பா ஆசாரி, தஞ்சாவூர் பக்கம். சின்ன வயசுல பட்டறையில என் வேலை வஜ்ரம் காய்ச்சுறது. இப்ப உள்ள பசங்களுக்குத் தெரியாது, மாட்டுத்தோல், எலும்புல இருந்து எடுக்கிற பிசின், கட்டி கட்டியா வரும், ராத்திரி ஊறவச்சு, தண்ணி ஊத்தின பாத்திரத்துக்குள்ள இன்னொரு பாத்திரம் வச்சு இளஞ்சூட்டுல கரைக்கணும். நாத்தம் தெருமுனை வரைக்கும் போகும். ஆறினா கல்லு மாதிரி பிடிக்கும், ஆனா திரும்ப ஈரமும் சூடும் பட்டா விட்டுடும். அப்பா அதை ஒரு குறையா நினைக்கல, "நாளைக்கு ஒருத்தன் ரிப்பேர் பண்ண கழட்டணும்ல"ன்னுதான் சொல்வார்.

அந்த வஜ்ரமேதான் இங்கிலாந்துலயும். இதெல்லாம் தெரிஞ்சவன் நான். தெரிஞ்சும் அஞ்சு வருஷம் முன்னாடி ஏலத்துல என் மேஜையை எடுத்துட்டு வந்த அன்னிக்கே பாத்திரம் கழுவுற சோப்பு ரெண்டு சொட்டு விட்டு மைக்ரோஃபைபர் துணியில பளபளன்னு துடைச்சேன். கொண்டு போய் ரேடியேட்டர் பக்கத்துல வச்சேன். ரெண்டு வாரத்துல பார்டர்ல ஒரு மூலை அப்பளம் மாதிரி எழும்பிடுச்சு, நான் ஆபீஸ் போயிருந்தப்ப வீட்டுல வேக்யூம் போட்டாச்சு. 14 கட்டம் போச்சு. அன்னிக்கு ராத்திரி பேப்பர் விரிச்சு அந்தத் தூசிப் பையைக் கொட்டி உக்காந்து தேடினேன், 9 கிடைச்சுது. ஒவ்வொண்ணும் கடுகை விடக் கொஞ்சம் பெருசு. மிச்சம் அஞ்சு இடத்துல இன்னும் ஓட்டைதான். ரிப்பேர்க்காரர் ஒருத்தர் கலர் மெழுகு வச்சு அடைச்சுத் தந்தார், வெயில் காலத்துல உருகி வெளிய வந்துடுச்சு. காசு திரும்பக் கேட்கல, நான் செஞ்ச காரியத்துக்கு யாரை என்ன கேக்குறது.

மார்ச் 4, ராத்திரி

எக்ஸிபிஷன் மேஜை பத்தி கூட ஒண்ணு. 1,10,800 துண்டு. ஒரு துண்டு வைக்க ஒரு செகண்ட்னு வச்சுக்கிட்டாலும் கிட்டத்தட்ட 31 மணி நேரம், மூச்சு விடாம. ஒரு செகண்ட்ல எவன் வைப்பான்? நிஜத்துல மாசக்கணக்கா குனிஞ்சே இருந்திருப்பாங்க பாவம்.

மார்ச் 5, மதிய சாப்பாட்டு நேரம்

மேல எழுதினதை அப்படியே விடுறேன், அழிக்கல, ஆனா தப்பு. நேத்து தூக்கத்துல எழுதிட்டேன், காலையில ரெண்டு பேர் பிடிச்சுட்டாங்க. ஒவ்வொரு துண்டா யாரும் வைக்கல. அதுதான் இந்தத் தொழிலோட விஷயமே.

வெண்டைக்காயை நறுக்கினா ஒவ்வொரு வில்லையிலயும் அதே அஞ்சு மூலைப் பூ வருதில்ல? அதை மரத்துல பண்ணியிருக்காங்க, அவ்வளவுதான். ஆனா அந்த வெண்டைக்காயை முதல்ல உண்டாக்கணும்.

கட்டம் போட்ட தாள்ல படம். அந்தக் காலத்துல பொம்பளைங்க கம்பளி நூல்ல பூவேலை பண்றதுக்கு பெர்லின்ல இருந்து அச்சடிச்சு வரும் பாருங்க, ஒரு கட்டத்துக்கு ஒரு கலர், அதே சார்ட்டையே ரோஜாவுக்கும் புறாவுக்கும் எடுத்துக்கிட்டாங்க. இப்ப சார்ட்டுல முதல் வரி மட்டும் எடுங்க: வெள்ளை, வெள்ளை, பச்சை, பழுப்பு, பச்சை, வெள்ளை, இப்படிப் போகுதுன்னு வைங்க. அந்தந்தக் கலர் மரத்துல மெல்லிசா அறுத்த பட்டைகளை அதே வரிசையில ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, வஜ்ரம் தடவி, இறுக்கி, காயவிடணும். காஞ்சதும் அது கோடு போட்ட பர்ஃபி கட்டி மாதிரி இருக்கும். அதை நீளவாக்குல அதே மெல்லிசுல மறுபடி அறுத்தா, கையில வர்ற ஒவ்வொரு சீவலும் முதல் வரி முழுசு. ரெண்டாவது வரிக்கு இன்னொரு கட்டி, மூணாவதுக்கு இன்னொண்ணு. 60 வரி இருந்தா 60 கட்டி. அப்புறம் ஒவ்வொரு கட்டியில இருந்தும் ஒரு சீவல் எடுத்து வரிசை மாறாம அடுக்கி ஒட்டினா, முகத்துல முழுப் படமும் தெரியுற ஒரு மரக்கட்டை கிடைக்கும், இந்தப் பக்கம் தெரியுற ரோஜா அந்தப் பக்கம் வரைக்கும் உள்ளேயே ஓடும். இப்ப நறுக்குங்க. ஒரு நறுக்கு ஒரு பெட்டி மூடிக்கு, இன்னொண்ணு மேஜைக்கு, இன்னொண்ணு புத்தக ஸ்டாண்டுக்கு.

9க்கு 9, அப்புறம் 9க்கு 8ன்னு எனக்கு எண்ணிக்கை மாறினதுக்கும் இதான் காரணம்னு இப்பதான் மண்டையில ஏறுது. ஒரு திசையில கட்டத்தோட அகலம் பட்டையோட கனம், இன்னொரு திசையில ரம்பம் அறுத்த கனம். ஒரு மயிரிழை கூடக்குறைய வந்தாலும் பத்து வரியில ஒரு கட்டம் போயிடும். எங்கப்பா பார்த்திருந்தா முதல்ல ரம்பத்தைத்தான் காட்டச் சொல்லியிருப்பார்.

இதை யார் முதல்ல கண்டுபிடிச்சாங்கன்னா ஜேம்ஸ் பர்ரோஸ்னு அந்த ஊர்க்காரர் பேரைச் சொல்றாங்க, 1830 ஒட்டி. அதுக்கு முன்னாடியும் டன்பிரிட்ஜ் வேர் உண்டு, ஆனா பெரிய பெரிய துண்டா வெட்டி ஒட்டின முக்கோணம், சதுரம், அந்த மாதிரி. 1697-லயே செலியா ஃபைன்ஸ்னு ஊர் ஊரா குதிரையில சுத்தின அம்மா அங்க வந்துட்டு, மெல்லிசா நேர்த்தியா மரச்சாமான் செய்யுற ஊர்னு எழுதி வச்சிருக்காங்க.

மார்ச் 5, ராத்திரி 10 மணி

"நம்மூர்ல இல்லாததா, சூரத்ல இருக்கு"ன்னு கீழ ஒருத்தர் சண்டைக்கு வந்திருக்கார். இருக்கு சார், யார் இல்லன்னா. சடேலின்னு பேரு, சூரத், பம்பாய் வேலை, தந்தம், கருங்காலி, வெள்ளீயக்கம்பி எல்லாம் குச்சி குச்சியா கட்டி ஒட்டிக் குறுக்க அறுக்கிறது, பாம்பே பாக்ஸ்னு இங்க ஏலத்துல வரும். பாரசீகத்துல கதம்னு இதே வேலை. குச்சி கட்டி அறுக்கிற புத்தி அங்கதான் பழசு. ஆனா அதெல்லாம் நட்சத்திரம், அறுகோணம். கோட்டையையும் நாய்க்குட்டியையும் வரி வரியா அடுக்கினது இந்தக் கூட்டம்.

மைசூர் ஈட்டி மர வேலையோட சேர்க்காதீங்க. அது ஒவ்வொரு துண்டையும் வடிவமா அறுத்து, பள்ளம் தோண்டிப் பதிக்கிறது. வேற தொழில், வேற கஷ்டம்.

மார்ச் 6

கலர் பத்திக் கேட்டாங்க. சாயம் இல்லாம பச்சை எப்படி வருதுன்னு. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்.

வெள்ளைக்கு ஹாலி மரம். மஞ்சளுக்கு பார்பெரி. கருப்புக்கு கருங்காலி. ஊதாவுக்கு தென் அமெரிக்காவுல இருந்து வர்ற பர்ப்பிள் ஹார்ட். சாம்பல் கலருக்கு ஒரு குறுக்குவழி: அந்த ஊர்ல 1606-ல லார்ட் நார்த் கண்டுபிடிச்ச ஊத்து ஒண்ணு இருக்கு, இரும்புச் சத்து நிறைஞ்ச தண்ணி, அதைக் குடிச்சா வியாதி போகும்னு பணக்காரங்க கூட்டம் கூட்டமா வந்ததாலதான் ஊரே உருவாச்சு, அவங்க வாங்கிட்டுப் போகத்தான் இந்தப் பெட்டியும் மேஜையும். அதே தண்ணியில மரத்தை ஊறப் போட்டா சாம்பல் ஏறும். வியாதிக்காரனுக்கும் மரத்துக்கும் ஒரே மருந்து. நான் குடிச்சுப் பார்த்தேன், துருப்பிடிச்ச ஆணியைச் சப்பின மாதிரி இருக்கு.

பச்சைதான் அதிசயம். காட்டுல விழுந்து கிடக்கிற ஓக் கிளையில ஒரு குட்டிக் கிண்ணக் காளான் வளருது, அது ஓடின இடமெல்லாம் மரம் உள்ளுக்குள்ளயே நீலப்பச்சையா மாறிடும். கடைக்காரங்க அந்தக் கிளையைத் தேடித் தேடி வாங்குவாங்களாம். போன நவம்பர்ல காட்டுக்குள்ள நடக்கப் போனப்ப என் பொண்ணு ஒரு குச்சியை எடுத்துட்டு வந்து "அப்பா யாரோ பெயிண்ட் கொட்டிட்டாங்க"ன்னா. வாங்கி உடைச்சுப் பார்த்தேன், உள்ளேயும் மயில்கழுத்துப் பச்சை. காட்டுல நின்னு கத்திட்டேன். நாயோட வந்தவங்கல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. அந்தக் குச்சி இப்ப பூஜை ஷெல்ஃப்ல விபூதி டப்பா பக்கத்துல இருக்கு.

கொடுமை என்னன்னா இத்தனை வருஷத்துல வெளிச்சம் பட்டு ஊதா பழுப்பாயிடும், மஞ்சள் மங்கிடும், காளான் பண்ண பச்சை மட்டும் அப்படியே நிக்கும். அதனால உங்க மேஜையில ரோஜா வெளிறி, இலை மட்டும் பளிச்னு இருந்தா அது நல்ல அறிகுறி. எல்லாக் கலரும் புதுசா இருந்தாதான் யோசிக்கணும்.

மார்ச் 7, விடியக்காலை

தூக்கம் வரல, உங்க லேபிள் போட்டோவையே பார்த்துட்டு இருக்கேன். நான் 3-ம் தேதி "சந்தேகம் இல்ல"ன்னு அடிச்சுச் சொன்னேன். இப்ப சந்தேகம் இருக்கு.

லேபிள்ல இடது பக்கம் கிழிஞ்சிருக்கு. நை-ங்கிற மூணு இங்கிலீஷ் எழுத்துக்கு (NYE) முன்னாடி ஒரு எழுத்தோட வால் மட்டும் மிச்சம். பெருசு பண்ணிப் பாருங்க. எட்மண்ட் நைன்னா அந்த இடத்துல எட்மண்டோட கடைசி எழுத்து "டி" (D) வரணும், டி-க்கு வலது பக்கம் தொப்பை. எனக்குத் தொப்பை தெரியல. படுத்த கோடு ரெண்டுதான் தெரியுது, மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, நடுவுல ஒரு கறை. அது "ஈ" (E) மாதிரி இருக்கு. நல்ல வெளிச்சத்துல நேரா ஒரு போட்டோ எடுத்துப் போட முடியுமா?

மார்ச் 7, சாயங்காலம்

புது போட்டோவுக்கு நன்றி. ஈ-தான். நடுக்கோடும் தெரியுது.

அப்ப கதை மாறுது. விவரமா சொல்றேன். வில்லியம் ஃபென்னர்னு ஒருத்தர், அவரோட கூட்டாளி எட்மண்ட் நை. ஃபென்னர் பேரு பெருசானது 1826-ல, சின்னப் பொண்ணா இருந்த விக்டோரியா இளவரசிக்கு ஊர்க்காரங்க சேர்ந்து ஒரு தையல் மேஜை பரிசு கொடுக்கணும்னு, யார் செய்யுறதுன்னு கடைக்காரங்களுக்குள்ள சீட்டுப் போட்டாங்க, ஃபென்னருக்கு விழுந்துச்சு. (அதுல இந்தக் கட்டம் கட்டமான மொசைக் கிடையாது, பல தேசத்து மரப்பட்டை ஒட்டினது.) 1840-ல ஃபென்னர் ஒதுங்க, நை தனியா நடத்தினார். 1851-ல ஹைட் பார்க் கண்ணாடி மாளிகையில கப்பல் மேஜை. 1863-ல செத்துட்டார். அவர்கிட்ட இருந்த தாமஸ் பார்ட்டன் கடையை எடுத்துக்கிட்டார், 1900 தாண்டியும் ஓட்டினார். பார்ட்டன் லேபிள் எப்படி இருக்கும்னா: டி. பார்ட்டன், லேட் நை. அதாவது "முன்பு நை கடை". நம்ம ஊர்ல பழைய முதலாளி பேரை போர்டுல விடாம வச்சிருப்பாங்கல்ல, அதே தந்திரம்.

லேட்-டோட (LATE) கடைசி எழுத்து ஈ.

ஆக கிழிஞ்சு போன பாதியில இருந்தது எட்மண்ட் இல்ல, பார்ட்டன். மேஜை விலைக்குப் போனது 1863-க்குப் பிறகு. 1851-ல அது எங்கயும் நின்னிருக்க வாய்ப்பில்ல. யாரோ வேணும்னே கிழிச்சாங்களான்னு கேட்காதீங்க, 150 வருஷத்துக் காகிதம், பூச்சி தின்னிருக்கும்.

மார்ச் 8

"அப்ப பார்ட்டன்தான் செஞ்சவர்னு எழுதிக்கலாமா"ன்னு கேக்குறீங்க. எழுதிக்கோங்க, ஆனா மனசுக்குள்ள ஒரு கேள்விக்குறி போட்டு. லேபிள்ங்கிறது வித்தவன் பேரு. பட்டை அறுத்தவன், அடுக்கினவன், கால் கடைசல் பிடிச்சவன், ஒருத்தன் பேரும் அதுல இல்ல. போதாக்குறைக்கு இதுல கட்டைன்னு ஒண்ணு இருக்கு. நை காலத்துல ஒட்டின கட்டையில மிச்சம் இருந்த நறுக்கைப் பார்ட்டன் எடுத்து ஒட்டி வித்திருந்தா, அந்தக் கோட்டை யாரு செஞ்சது? நான் அப்படி நடந்துச்சுன்னு சொல்லல, கடையை எடுத்தவன் சரக்கைத் தூக்கி எறிஞ்சிருக்க மாட்டான்னு சொல்றேன்.

எங்கப்பா செஞ்ச நிலைக்கதவு நாலஞ்சு ஊர்ல இன்னும் நிக்குது. எல்லாத்துலயும் வீட்டுக்காரர் பேருதான் செதுக்கியிருக்கு. அந்த எழுத்தைச் செதுக்கினதும் அவரேதான்.

கோட்டை எதுன்னு கேட்டவருக்கு: எரிட்ஜ் கோட்டைன்னு நினைக்கிறேன், ஊர்ல இருந்து சில மைல். பேஹம் அபி, ஹீவர், பென்ஸ்ஹர்ஸ்ட் இதெல்லாமும் இதே மாதிரி வரும், டூரிஸ்ட் போய்ப் பார்த்துட்டு வந்து ஞாபகத்துக்கு வாங்குற சரக்குதானே, 1845-ல ரயில் வந்த பிறகு கூட்டத்துக்குக் கேக்கணுமா. பெரிய பெரிய காட்சி போட்டதுல ஹென்றி ஹாலம்பி கில்லாடி, பர்ரோஸ்கிட்ட வேலை கத்தவர். எரிட்ஜ் கோட்டையை 1930-களோட கடைசில இடிச்சுட்டாங்க. கல்லு போச்சு, கடுகு சைஸ் மரத்துண்டு நிக்குது. சந்தேகம் தீரணும்னா டன்பிரிட்ஜ் வெல்ஸ் மியூசியம் போங்க, இப்ப அமீலியான்னு பேரு, அலமாரி அலமாரியா இருக்கு, ஒப்பிட்டுப் பார்க்கலாம். நான் பொண்ணைக் கூட்டிட்டுப் போனேன், அவ பச்சை இலையை எண்ணிக்கிட்டே வந்தா.

மார்ச் 8, ராத்திரி

விலை. எனக்குச் சொந்தமா தெரிஞ்சது என் மேஜை மட்டும்தான், லேபிள் இல்லாதது, 380 பவுண்ட், அது மேல கமிஷன். பார்ட்டன் லேபிள் பாதியாவது இருக்கு, கோட்டை முழுசா இருக்கு, அதனால கூடவே கொடுக்கலாம், ஆனா 2,000 எக்ஸிபிஷன் கதைக்குச் சொன்ன விலை. கதையைக் கழிச்சுட்டுப் பேசுங்க. லேபிள்ல ஈ-யைக் காட்டிப் பேசுங்க, அமைதியா, வெள்ளைக்காரருக்கு டீ குடிக்கிற நேரம் கொடுங்க. மேஜையை மடக்கிப் பார்க்க மறக்காதீங்க, கீழ இருக்கிற கொக்கி ஆடினா அதுக்கும் குறைக்கலாம்.

மார்ச் 10

700-க்கு முடிச்சுட்டீங்களா! நல்ல விலை. லேபிளைப் பார்த்ததும் அவர் சிரிச்சுட்டார்னு எழுதியிருக்கீங்க, அப்ப அவருக்கு முன்னாடியே தெரியும்.

வீட்டுல ஹால்ல வச்சு போட்டோ போட்டிருக்கீங்க, சந்தோஷம். ஜன்னல் வெயில்ல இருந்து தள்ளி வைங்க, ரேடியேட்டர் பக்கம் வேண்டாம். அப்புறம் மூணாவது போட்டோல கோட்டைக் கோபுரத்து மேல ஒரு காபி டம்ளர் இருக்கே, ஆவி பறக்குது. முதல்ல அதை எடுங்க.